‘ஃபைன்தானே கட்டினேன், அதுவும் கேஸா?’

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, வெலிங்டன் ராணுவ அலுவலகங்கள், போலீஸ் தேர்வு. வேலை கிடைத்ததும் நம் நீலகிரி மலைப் பிள்ளைகள் வயிற்றில் புளியைக் கரைப்பது, மேலே வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே.

2022-ல் குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டினேன். கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டினேன், ஜெயிலுக்குப் போகவில்லை. இப்போது கார்டைட் ஃபேக்டரியில் வேலை. ஃபாரத்தில் வழக்கு, தண்டனை பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாமா சார்? – குன்னூர்

எழுதாதீர்கள் தம்பி. குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் அபராதம் கட்டினாலே அது தண்டனைத் தீர்ப்புதான். ஜெயிலுக்குப் போனால்தான் ‘தண்டனை’ என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. எத்தனையோ பேரை அது கவிழ்த்திருக்கிறது. மத்திய அரசுப் பணிக்கான ஃபாரம் கைது, வழக்கு, அபராதம், தண்டனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும். தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கும்.

வேலைக்கான ஃபாரத்தில் வழக்கை மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள். உண்மையை எழுதியவரையும் அவர் முன்கதையைப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அற்பமான வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம், மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆகவே எழுதினால் வேலை உறுதி என்று சொல்லமாட்டேன், ஆனால் பொய் சொன்னவர் என்ற பெயர் வராது. மறைத்து வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தால், அப்போது பேச வேண்டியது குடியைப் பற்றி அல்ல, பொய்யைப் பற்றி. வழக்கு எண், தேதி, கட்டிய தொகை எல்லாம் எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்துவிடுங்கள்.

அடிதடி வழக்கில் விடுதலையாகிவிட்டேன். காவலர் தேர்விலும் தேறினேன். இனி பயமில்லையே? – கூடலூர்

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை என்றோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால்) விடுதலை என்றோ இருந்தால் சிக்கல். தமிழ்நாடு காவலர் பணி விதிகளில் 14(b) அப்படிப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்கிறது. சாட்சியை ‘சரிக்கட்டி’ வெளியே வந்தவர்களுக்கு, அந்தச் சாமர்த்தியமே இங்கே குழி பறிக்கும். குற்றமே நிரூபணமாகவில்லை என்று நீதிபதி தெளிவாக எழுதியிருந்தால் உங்கள் நிலை பலம். தீர்ப்பை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

மகனுக்கு 17 வயதில் திருவிழாச் சண்டை, சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்தது. வேலை போய்விடுமா ஐயா? – கோத்தகிரி

கவலை வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 24: அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. 16 வயதைக் கடந்தவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

நன்னடத்தைச் சட்டத்தில் கோர்ட் எச்சரித்து விட்டுவிட்டது. அப்படியானால் தண்டனையே இல்லைதானே? – குந்தா

பாதி சரி. நீங்கள் சொல்லும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 12 தகுதியிழப்பை நீக்குகிறது, தீர்ப்பை அழிப்பதில்லை. ஃபாரத்தில் எழுதத்தான் வேண்டும்.

மசினகுடி ரோட்டில் யானைக்கு அருகே வண்டியை நிறுத்தியதற்கு வனத்துறை ஃபைன் போட்டது. அதையும் எழுதணுமா? – ஊட்டி

கோர்ட்டுக்குப் போகாமல் வனத்துறையிலேயே இணக்கக் கட்டணம் கட்டி முடிந்திருந்தால் அது நீதிமன்றத் தண்டனை அல்ல. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கைது செய்திருந்தார்கள் என்றால் கைதுக்கான கேள்விக்கு ‘ஆம்’தான். (யானைக்கு முன் செல்ஃபி எடுக்க நிற்கிறவர்களைப் பற்றி நான் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன், வேண்டாம்.)

கொரோனா ஊரடங்கில் காரட் லோடு ஏற்றிப் போனதற்கு ஒரு கேஸ். அரசு வாபஸ் வாங்கிவிட்டதாமே? – கேத்தி

2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது உண்மை. ஆனால் அறிவிப்பு வந்ததாலேயே உங்கள் கோப்பு மூடியிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்டு, முடிந்ததற்கான உத்தரவு நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.