கழிமுகத்தில் சிக்கிய மீன் எது? கேள்வி பதில்

பாதிப் பேர் நிறத்தை மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள். மீன் செத்தால் நிறம் மங்கிவிடும், சேற்றுத் தண்ணீரில் இன்னும் குழப்பம். வாய், முள், வால் மூன்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: அடையாறு முகத்துவாரத்தில் உள்ளங்கை அகல மீன் ஒன்று தூண்டிலில் மாட்டியது. பக்கத்தில் இருந்தவர் செத்தக்கெண்டை என்கிறார். எனக்கு ஜிலேபி மீன் (திலாப்பியா) மாதிரி இருக்கிறது.

பதில்: வயிற்றுக்குப் பின்னால் வாலை ஒட்டி இருக்கும் அடித்துடுப்பை விரித்து, முன்பக்கத்து முள்களை எண்ணுங்கள். மூன்று என்றால் ஜிலேபி. பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் செத்தக்கெண்டை, மலையாளிகளின் கரிமீன். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் குழப்பம் சகஜம். ஜிலேபி நம் ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உப்பு, சாக்கடை எதையும் தாங்கும். அதனால் அங்கே அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் பிடித்த கெளுத்தியின் வாய் நிறைய கோலிக்குண்டு போல மஞ்சள் உருண்டைகள். எதை விழுங்கியிருக்கும்?

பதில்: ஒன்றையும் விழுங்கவில்லை, அது அப்பா! கடல் கெளுத்தி வகைகளில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். குஞ்சு வெளியே போகும்வரை வாரக்கணக்கில் பட்டினிதான். அடுத்த முறை பார்த்தால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். முதுகு முள்ளும் மார்பு முள்ளும் கையில் ஏறிவிடாமல் பிடியுங்கள்.

கேள்வி: பரங்கிப்பேட்டை வெள்ளாற்றில் ஒரு மீன், தரையில் போட்டதும் பந்து மாதிரி உப்பிவிட்டது. செதில் இல்லை. தோலையும் குடலையும் எடுத்துவிட்டால் சமைக்கலாம் என்கிறார் மாமா.

பதில்: கூடாது. வாயைத் திறந்து பாருங்கள்: மேலே இரண்டு, கீழே இரண்டு பல் தகடு கிளி மூக்கு போல இருந்தால் பேத்தை. ஈரல், சினை, தோல் எல்லாவற்றிலும் விஷம் இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் போகாது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சு நிற்கும்வரை கொண்டுபோகும், மாற்று மருந்தும் கிடையாது. மாமாவுக்கு வேறு மீன் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பிச்சாவரத்தில் கிடைத்தது கொடுவாவா, செப்பிலியா?

பதில்: வால் விளிம்பு வட்டமாக, இருட்டில் டார்ச் அடித்தால் கண் மின்னினால் கொடுவா. செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும், ஜாக்கிரதை. செப்பிலிக்கு வால் கிட்டத்தட்ட நேராக வெட்டியது போல இருக்கும்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், பெயர் சொல்லுங்கள்.

பதில்: படத்தில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கிறது. துடுப்பை விரித்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து இன்னொன்று எடுங்கள்.