மெதுவாக விழுந்தாலும் எலும்பு முறிவது ஏன்?

"காட்டுப் பாதையில் மெதுவாகத்தான் பைக் ஓட்டினேன், காறை எலும்பு எப்படி முறிந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மார்பெலும்பையும் தோளையும் இணைக்கும் எலும்புதான் காறை எலும்பு. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. அந்த அதிர்ச்சி மணிக்கட்டு, முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறி, 'எஸ்' வடிவில் வளைந்த காறை எலும்பின் நடுப்பகுதியைத் தாக்குகிறது. அந்த எலும்பின் பலவீனமான இடம் அதுதான். தோளே நேராகத் தரையில் மோதினாலும் இதே முறிவுதான். மார்புக் கவசம் இதை முழுமையாகத் தடுக்காது.

காலுக்கு வேறு ஆபத்து. சரியும் வண்டியைத் தாங்கக் காலை ஊன்றினால், 100 கிலோவுக்கும் மேற்பட்ட எடை முழங்காலைத் திருகித் தசைநாரைக் கிழித்துவிடலாம். வண்டியை விழ விடுங்கள். கிளட்ச் லீவர் வளைந்தால் மாற்றிக்கொள்ளலாம். உயரமான, விறைப்பான பூட்ஸ் இல்லாமல் கிளம்பவே கூடாது என்பேன்.

தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அன்று மீண்டும் வண்டியில் ஏறாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.