14 வயது மகளுக்கு இந்தக் காதல் படத்தைக் காட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. தோழிகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லி, 'தி நோட்புக்' என்ற அமெரிக்கக் காதல் படத்தைப் பார்க்க வேண்டும் என ஒரு மாதமாகக் கேட்கிறாள் மகள். அதற்கு பிஜி-13 என்று தரம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் தன் வயதுக்குத் தகுந்த படம்தான் என்பது அவள் வாதம். சமீபத்தில் எல்லோரும் சேர்ந்து வேறொரு படம் பார்த்தோம். முத்தக் காட்சி வந்ததும் என் கணவர் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிட்டார். மகள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். பிறகு அதே படத்தைக் கைபேசியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. வேண்டாம் என்றால் ஒளிந்து பார்ப்பாள். சரி என்றால் நானே கெடுத்ததாகிவிடுமோ என்று பயம். எதை வைத்து முடிவு செய்வது?

— ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

திட்டாமல் இருந்தது நல்லது. பேசாமல் விட்டதை மட்டும் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் உங்கள் மகளின் வாதம்.

பிஜி-13 என்பது 13 வயதுக்கு ஏற்ற படம் என்று கொடுக்கும் சான்றிதழ் இல்லை. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம், பெற்றோர் கவனிக்கவும் என்ற எச்சரிக்கை அது. 1984இல் கொண்டுவந்தார்கள். எண்ணிப் பார்க்கக்கூடியவற்றையே இந்தத் தரங்கள் பெரும்பாலும் அளக்கின்றன: எவ்வளவு உடம்பு தெரிகிறது, எத்தனை கெட்ட வார்த்தை, எவ்வளவு ரத்தம், போதைப்பொருள் உண்டா என்பவை. பாலுறவைக் குறிக்கும் கடுமையான வசைச்சொல் ஒருமுறைக்கு மேல் வந்தால் வழக்கமாக அது 'ஆர்' தரத்துக்குப் போய்விடும், அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்கலாம். 2007இல் வந்த 'ஒன்ஸ்' என்ற காதல் படத்தில் படுக்கையறைக் காட்சியே கிடையாது. வசைச்சொற்களுக்காகவே அதற்கு ஆர். 2004இல் வந்த 'தி நோட்புக்' படத்தில் உடலுறவுக் காட்சி உண்டு, அதற்கு பிஜி-13. அந்த எழுத்தை மட்டும் நம்பினால் இரண்டு படத்திலும் தவறாகவே முடிவு செய்வீர்கள்.

எழுத்துக்குப் பக்கத்தில் ஏன் அந்தத் தரம் என்று ஒரு வரியில் காரணம் இருக்கும். அதைப் படியுங்கள். பிரிட்டனின் தணிக்கை வாரியமான பிபிஎஃப்சி இன்னும் விரிவாக, எந்த மாதிரிக் காட்சி வருகிறது என்றே தன் தளத்தில் எழுதி வைக்கிறது. அதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். டிரெய்லரை நம்ப வேண்டாம், அது விளம்பரத்துக்கென்று தனியாக வெட்டி எடுத்தது. 'அன்ரேட்டட்' (தரம் வாங்காதது), 'எக்ஸ்டெண்டட்' (காட்சிகள் கூட்டியது) என்று போட்டிருந்தால் தியேட்டரில் வெளியான பதிப்புக்குக் கொடுத்த தரம் அதற்குப் பொருந்தாது.

இதற்கு மேல் ஒரே வழிதான். ஓர் இரவு தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பாருங்கள், சுமார் 2 மணி நேரம். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வசனம் தப்பாது. முத்தங்களை எண்ண வேண்டாம். ஒருவர் மறுக்கும்போது மற்றவர் என்ன செய்கிறார், அதைப் படம் எப்படிக் காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் படத்தின் ராட்டினக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். நாயகன் நாயகியைத் தன்னோடு வெளியே வரச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் சுற்றும் ராட்டினத்தில் ஏறி, கம்பியில் தொங்கிக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லாவிட்டால் கையை விட்டுவிடுவேன் என்கிறான். ஒரு கையை எடுத்தும் விடுகிறான். பயந்துபோய் அவள் சம்மதிக்கிறாள். உடம்பு எதுவும் தெரியவில்லை, வசைச்சொல் இல்லை, ஆகவே தரம் கொடுப்பவர்களின் கணக்கில் இது சேராது. படமோ இதைக் குறும்பாக, ஆசையின் ஆழமாகக் காட்டுகிறது. நிஜத்தில் 'நீ சரி சொல்லாவிட்டால் செத்துப்போவேன்' என்பது மிரட்டல். 14 வயதுப் பெண்ணுக்கு ஒரு பையனிடமிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால், அதைக் காதல் என்று எடுத்துக்கொள்வாளா, ஆபத்து என்று அடையாளம் காண்பாளா? படுக்கையறைக் காட்சியைவிட இந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கவலை தருகிறது.

மற்றவையும் உண்டு. 17 வயதான நாயகியும் அவனும் பாழடைந்த வீட்டில் ஆடை களைகிறார்கள், அவள் பதற்றத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள், இடையில் ஆள் வந்து தடுக்கிறது. பிற்பாதியில், வேறொருவருடன் நிச்சயமான நிலையில் அவள் இவனோடு உறவு கொள்கிறாள். கோபத்தில் அவனை அடிக்கவும் செய்கிறாள், பெண் அடித்தால் பரவாயில்லை என்பதுபோல் அது கடந்துபோகிறது. 17 வயதுப் பெண்ணாக நடித்தவர் அப்போது இருபதுகளில் இருந்தவர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். தன் உடம்பை அதோடு ஒப்பிட்டுக் குமையும் வயது இது.

என் முடிவு: மகள் உங்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். தம்பிக்கு வேண்டாம், அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் வயதில் இன்னொரு பெண்ணுக்கு இதே பதில் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். யாராவது அவளைத் தொல்லை செய்துகொண்டிருந்தாலோ, காதல் முறிவில் இருந்தாலோ, இப்போதைக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

ரிமோட் விஷயத்தைக் கணவரிடம் பேசிவிடுங்கள். பத்து விநாடி தாண்டும் பொத்தானை நான்கு முறை அழுத்தினால், படம் போய் நிற்பது சட்டைப் பித்தானைப் போடும் இடத்தில். நடுவில் நடந்ததைப் பிள்ளை தானே கற்பனை செய்துகொள்ளும், அல்லது கைபேசியில் தேடும். தாண்ட வேண்டும் என்று நினைக்கும் காட்சியை முன்பே சொல்லிவிடுங்கள்: "அங்கே ஒரு படுக்கையறைக் காட்சி வரும், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க உனக்கே கூச்சமாக இருக்கும், தாண்டிவிடலாமா?" பெரும்பாலும் பிள்ளைகள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள்.

படம் முடிந்த கையோடு பாடம் நடத்தாதீர்கள். கண்ணில் நீரோடு உட்கார்ந்திருப்பாள், அந்த நேரத்தில் எது சொன்னாலும் தான் ரசித்ததைக் குறை சொல்வதாகவே கேட்கும். மறுநாள், துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேசக்கூடிய நேரத்தில் ஒரு கேள்வி போதும்: "அந்த ராட்டினத்தில் அவள் கடைசி வரை முடியாது என்று சொல்லியிருந்தால், அவன் என்ன செய்திருப்பான்?" பதிலை வெட்டிப் பேசாமல் கேளுங்கள். "அவன் ரொம்ப ஸ்வீட்" என்றால், "உன் தோழியிடம் ஒருவன் இப்படிச் செய்தால் அவளுக்கு என்ன சொல்லுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தோழிக்கு என்று வரும்போது பிள்ளைகள் மிகத் தெளிவாகப் பேசுவார்கள்.

அன்று அவள் கைபேசியில் பார்த்த படத்துக்கும் இதே வழிதான். "நீ பார்த்ததைக் கவனித்தேன், கோபம் இல்லை. அப்பா திடீரென்று ஓட்டியது உனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். எப்படி இருந்தது படம்?" என்று தொடங்குங்கள். 'தி நோட்புக்' பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பேச்சு முடிந்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்