மலைக்கு ஏற்றிய தேனீக்கள் காலையில் விழுந்து கிடப்பது ஏன்?

கேள்வி: 300 மீட்டர் உயரத்தில் நன்றாக இருந்த இத்தாலியத் தேனீப் பெட்டிகளை 1,800 மீட்டரில் உள்ள தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பூவுக்குக் குறைவில்லை. ஆனாலும் காலையில் வாசல் முன்னே தேனீக்கள் விழுந்து கிடக்கின்றன, பெட்டிக்குள் அடை கட்டும் மரச் சட்டங்களில் தேனும் வற்றுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்தால் இருக்குமா?

பதில்: முதலில் குளிரா, மருந்தா என்று பிரித்துப் பாருங்கள். விழுந்த தேனீக்களைக் காகிதத்தில் அள்ளி வெயிலில் வையுங்கள். சில நிமிடங்களில் எழுந்து பறந்தால் குளிர்தான். துடித்துத் தள்ளாடி, நாக்கு நீட்டியபடி செத்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும்; உங்கள் பெட்டிகளுக்கு ஏறக்குறைய 10 டிகிரி குறைந்திருக்கிறது. பறக்கும் தேனீயின் மார்புத் தசை 30 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடாக இருக்க வேண்டும். இறகை அசைக்காமல் தசையை மட்டும் அதிரவைத்து அந்தச் சூட்டை அது உண்டாக்கிக்கொள்ளும். வெளியே சூடு இறங்கி உடல் 10 டிகிரியை நெருங்கினால் மரத்துப்போய் விழும்.

தேன் வற்றுவதும் இதனால்தான். பெரும்பாலான பூச்சிகளுக்கு 10 டிகிரி இறங்கினால் வளர்சிதை மாற்றம் ஏறத்தாழப் பாதியாகும். அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி மலையில் மெதுவாகப் பெருகும், அதுவரை லாபம். தேனீக் கூட்டம் நேர்மாறு. புழு அடையை 34–35 டிகிரியில் காக்க வேண்டியிருப்பதால், குளிரக் குளிர அதிகத் தேனை எரிக்கும். காற்று மெலிவாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். மூச்சுக்குழாய்கள் காற்றை நேரே தசைக்குக் கொண்டுபோகின்றன. இறகை இன்னும் அகல வீசிப் பறந்துவிடும்.

தேனீக்கள் மூடியிராத சட்டங்களை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை வையுங்கள். காலியான தேன் அறையையும் இறக்குங்கள். ஆளில்லாத இடத்தைச் சூடாக்குவதுதான் பெரிய வீண்செலவு. ஓரச் சட்டத்துப் புழுக்கள் குளிர்ந்து சாவதும் அங்கேதான். வாசலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறைத்து, காலை வெயில் விழும் பக்கம் திருப்புங்கள். பெட்டியை முன்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் உள்ளே வியர்க்கும் நீர் வடியும். காற்றடிக்கும் பக்கம் மறைப்பு அவசியம்.

தேன் போதாவிட்டால் 2 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் கலந்த கெட்டிப்பாகை மாலையில் உள்ளேயே வையுங்கள். நீர்த்த பாகு வேண்டாம், அந்த நீரை வற்றவைக்கவும் சூடு செலவாகும். வெளியே 18 டிகிரியைத் தாண்டாமல் சட்டங்களைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கூட்டத்தைப் பிரிப்பதைப் பகல் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் நிலைக்கும் வரை தள்ளிப்போடுங்கள். அதற்குக் கீழே புது ராணி இணையப் பறப்பது அரிது.