பிளாஸ்திரிக்கு அடியில் 50 புழுக்கள்

போன இதழில் வயிற்றுப் பூச்சி பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் இந்த இதழில் வேறு எதற்கும் இடமில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு விஞ்ஞானி தன் உடம்புக்குள் தானே புழுவை விட்டுக்கொண்டார் என்கிறான் என் பேரன். உண்மையா, வாட்ஸ்அப் கதையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான் ஐயா. அவர் பெயர் டேவிட் பிரிட்சார்ட், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2004-ல் 50 கொக்கிப்புழு லார்வாக்களை (புழுக் குஞ்சுகளை) ஒரு பிளாஸ்திரியில் விட்டுக் கையில் ஒட்டிக்கொண்டார். மீதியைப் புழுவே பார்த்துக்கொள்ளும். தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறும், நாம் எச்சில் விழுங்கும்போது வயிற்றுக்குள் இறங்கிச் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடும். தோலில் நுழையும்போது அரிக்கிற அரிப்பு லேசுப்பட்டது இல்லையாம்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். அவர் 1980-களின் இறுதியில் பப்புவா நியூ கினியாவில் ஆராய்ச்சி செய்தபோது, கொக்கிப்புழு இருந்தவர்களிடம் அலர்ஜித் தொல்லை குறைவாக இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொஞ்சம் புழு கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசனை. நோயாளிகளுக்குப் புழு கொடுக்கிறேன் என்று போய் நின்றால் எந்த நெறிமுறைக் குழு கையெழுத்துப் போடும்? முதலில் என் மேல் சோதிக்கிறேன் என்று இறங்கிவிட்டார். பிறகு ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 10, 25, 50, 100 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் கொடுத்துப் பார்த்ததில், அதிகம் வாங்கிக்கொண்டவர்களுக்கு வயிறு படுத்தி எடுத்தது. 10 இருந்தால் தாங்கும் என்று முடிவானது.

சரி, பலன்? 2010-ல் வெளியான ஆஸ்துமா சோதனையில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. அப்புறம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த நரம்புகளின் உறையையே தாக்கும் நோய்) உள்ள 71 பேரிடம் சோதித்தார்கள், பாதிப் பேருக்கு 25 லார்வா, மீதிப் பேருக்கு வெறும் பிளாஸ்திரி. 2020-ல் வந்த முடிவு இரண்டுங்கெட்டான். மூளையில் தோன்றிய புதிய பாதிப்புகளை மொத்தமாக எண்ணினால் இரு தரப்புக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் புதிய பாதிப்பே வராதவர்கள் புழு வாங்கியவர்களில் பாதிப் பேர், வாங்காதவர்களில் 28 சதவீதம்தான். இதை வைத்து வெற்றி என்று கொட்டடிக்க முடியாது, தோல்வி என்று தூக்கிப் போடவும் எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அந்த நரம்பு நோய்க்கும் புழுவுக்கும் யார் முடிச்சுப் போட்டது? (வாசகி, ஈரோடு)

பதில்: அர்ஜென்டினாவின் ஹோர்ஹே கோரேயாலே என்ற நரம்பியல் மருத்துவர். தன் நோயாளிகளில் தற்செயலாகக் குடற்புழு தொற்றியிருந்த 12 பேரையும், தொற்றாத 12 பேரையும் சராசரியாக நாலரை வருஷத்துக்கு மேல் கண்காணித்தார். நோய் மறுபடி தீவிரமான தடவைகள், புழு இல்லாதவர்களிடம் 56, புழு இருந்தவர்களிடம் வெறும் 3! 2007-ல் இதை வெளியிட்டார். அதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்து நடந்ததுதான். அந்தப் பன்னிரண்டில் நான்கு பேருக்குப் புழுவின் தொல்லை தாங்காமல் பூச்சி மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று, புழு போனது, அடங்கியிருந்த நரம்பு நோய் மறுபடி தலைதூக்கியது. 24 பேர் சின்னக் கூட்டம்தான், சீட்டுக் குலுக்கி யாருக்குப் புழு என்று தீர்மானித்ததும் இல்லை. ஆனாலும் நாட்டிங்காமில் அந்தச் சோதனை நடக்க இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத கிருமியையே கொல்லும் நம் எதிர்ப்பு சக்தி, ஒரு சென்டிமீட்டர் புழுவை ஏன் விட்டுவைக்கிறது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: பெரிதாக இருப்பதுதான் சிக்கலே தம்பி. பாக்டீரியாவை வெள்ளணு விழுங்கிவிடும். புழுவை எப்படி விழுங்கும்? அதனால் உடம்பு வேறு வழியில் போகிறது, அதாவது அடித்துக் கொல்வதைவிட அலசி வெளியே தள்ளுவது. சளியைப் பெருக்கும், குடலை வேகமாக அசைக்கும், ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணுக்களை அனுப்பும், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும். இந்தப் பட்டியலை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, இழுப்பு எல்லாம் இதே படைதான். புழுவுக்காகத் தயாரித்த படை, புழு இல்லாத ஊரில் வேலை இல்லாமல் தூசியோடும் மகரந்தத்தோடும் மல்லுக்கு நிற்கிறது என்று சிலர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

புழுவும் சும்மா இருப்பதில்லை. தெருவில் கைகலப்பு வந்தால் முதல் கல் தன் கண்ணாடியில்தான் விழும் என்று பயந்து எல்லாரையும் சமாதானப்படுத்தும் கடைக்காரர் மாதிரி, அது ஏதேதோ சுரந்து நம் படையைச் சாந்தப்படுத்துகிறது. இந்தச் சுரப்புகளைப் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருப்பவர் ஸ்காட்லாந்தின் ரிக் மைசல்ஸ். எலிக் குடலில் வாழும் ஒரு புழுவை வைத்துப் பார்க்கிறார். நம் உடம்பில் 'போதும், சண்டையை நிறுத்து' என்று சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் ஒன்று உண்டு. அந்தப் புழு சுரக்கும் ஒரு புரதம் அதே பூட்டைத் திறக்கிறது என்று 2017-ல் அவர் குழு காட்டியது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் உருவத்தில் துளி ஒற்றுமை கிடையாது. பூட்டுக்குரிய சாவியைக் காப்பியடிக்காமல் தனக்கென்று ஒரு கள்ளச்சாவியே செய்துகொண்டிருக்கிறது புழு. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் எதிர்காலம் பிளாஸ்திரியில் இல்லை, இந்தச் சாவியில்தான்: புழு வேண்டாம், அது சுரப்பதை மட்டும் மருந்தாக்க முடியுமா என்பது.

கேள்வி: என் மகளுக்கு ஆஸ்துமா. பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. இப்படி ஒரு கடிதம் வரும் என்று பயந்துகொண்டேதான் மேலே உள்ளதை எழுதினேன். புழு என்றால் எல்லாம் ஒன்று இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் அலசியதில் கொக்கிப்புழுவுக்கு ஆஸ்துமாவைக் குறைக்கும் தொடர்பு தெரிந்தது, உருண்டைப்புழுவுக்கு நேர்மாறாக அதை அதிகமாக்கும் தொடர்பு. நம் குழந்தைகள் வயிற்றில் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கொக்கிப்புழுவே ஆனாலும் அது குடிப்பது ரத்தம். சாதாரண வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.03 மில்லி உறிஞ்சும். நூறு இருந்தால் மாதம் 90 மில்லி. வளரும் பெண்பிள்ளைக்கு ஏற்கெனவே இரும்புச்சத்து போதாது. போதாக்குறைக்கு, புழு எல்லாரையும் சமாதானப்படுத்துகிறது என்றேனே, தடுப்பு மருந்தின் வேலையையும் சேர்த்தே மந்தமாக்குகிறது. ஈக்குவடாரில் உருண்டைப்புழு இருந்த பிள்ளைகளுக்கு முதலில் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுக் வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து கொடுத்தபோதுதான் அது நன்றாக வேலை செய்தது. பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அந்த அல்பெண்டசோல் மாத்திரையை வாங்கி மெல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய்தான், மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: நம்ம ஊரில் இதையெல்லாம் யாராவது ஆராய்கிறார்களா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தோடு கூட்டாக ஒரு மையம் நடக்கிறது. சுபாஷ் பாபு அதன் விஞ்ஞானி. புழுவும் காசநோயும், புழுவும் சர்க்கரை நோயும் ஒரே உடம்பில் இருந்தால் எதிர்ப்பு சக்தி என்ன ஆகிறது என்பதுதான் அவர் கேள்வி. 2010-ல் வெளியான ஒரு சென்னை ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு யானைக்கால் புழு தொற்றின் தடயம் இருந்தது, சர்க்கரைக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் 4.3 சதவீதம் பேருக்குத்தான். புழு சர்க்கரையைத் தடுத்ததா, சர்க்கரை உள்ள உடம்பு புழுவுக்குப் பிடிக்கவில்லையா என்று இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: புழு முட்டையை இணையத்தில் விற்கிறார்களாமே, வாங்கிப் பார்க்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டவே வேண்டாம். பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடல் நோய்க்குக் கொடுத்த ஆரம்பச் சோதனைகள் அமர்க்களமாக இருந்தன, 250 பேரிடம் முறையாகச் செய்தபோது புஸ்ஸென்று போனது. வந்து சேர்வது எந்தப் புழு என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒன்று உண்டு. கொக்கிப்புழு மாதிரி இல்லாமல் உடம்புக்குள்ளேயே பெருகும், அது இருப்பது தெரியாமல் எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எடுத்தால் உயிருக்கே உலை.

கேள்வி: சோதனை முடிந்ததும் அந்தப் புழுக்களை என்ன செய்வார்கள்? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மாத்திரை கொடுத்தால் போய்விடும். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் 12 பேருக்குக் கொக்கிப்புழு கொடுத்து ஒரு சிறிய சோதனை செய்தார்கள். கடைசிவரை இருந்தவர்களிடம் 'இந்தாருங்கள் பூச்சி மாத்திரை' என்று நீட்டியபோது ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை, புழு இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார்கள்.