தமிழ் சப்டைட்டிலோடு வெளிநாட்டுப் படம்: கணினியைத் தயார் செய்வது எப்படி? கேள்வி பதில்

கொரியத் தொடர், ஜப்பானியப் படம், ஈரானியப் படம் எதுவானாலும் தமிழில் வாசித்தபடி பார்க்க முடியும். அதில் சிக்கிக்கொண்ட சிங்கப்பூர் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே; கேட்டவர் வசிக்கும் பகுதியின் பெயர் முன்னால் இருக்கும். எல்லாம் நீங்கள் முறையாக வாங்கிய அல்லது படைத்தவர்களே இலவசமாகத் தரும் கோப்புகளுக்கானவை.

பொங்கோல்: அண்ணா, புது மடிக்கணினி வாங்கியிருக்கிறேன். என்ன மென்பொருள் போடலாம்? நண்பர் ஒருவர் கோடெக் பேக் கட்டாயம் வேண்டும் என்கிறார்.

வேண்டாம். படம் ஓட்டும் மென்பொருளான (பிளேயர்) விஎல்சி ஒன்றே போதும். 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. இன்றும் இலவசம், விளம்பரம் கிடையாது. சுருக்கிவைத்த படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் கோடெக்குகளில் தேவையானவற்றைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் விளம்பரமாக மேலே வரும் தளங்களைத் தொடாதீர்கள்.

அப்புறம், படக் கோப்புக்கும் சப்டைட்டில் வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். படத்தைத் திறந்ததும் சப்டைட்டில் தானே வரும்.

ஈசூன்: அப்பாவுக்காகத் தமிழ் சப்டைட்டில் தேடி எடுத்தேன். ஒரு படத்தில் கட்டம் கட்டமாக வருகிறது, இன்னொன்றில் கேள்விக்குறிகள், வேறொன்றில் ஏதோ ஐரோப்பிய மொழி மாதிரி. கணினி கெட்டுவிட்டதா?

கணினி நன்றாகத்தான் இருக்கிறது. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள். எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கோப்பு சரி, அதை வரைந்து காட்ட பிளேயரிடம் தமிழ் எழுத்து இல்லை. விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8-லிருந்து அது கூடவே வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழை இறக்கிப் போட்டாலும் அழகாக இருக்கும். மாற்றியபின் விஎல்சியை மூடித் திறக்க மறக்காதீர்கள்.

ஐரோப்பிய மொழி மாதிரி என்று நீங்கள் சொல்வது, தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் அதே ஏ என்று வரிசையாக வருகிறதா? அப்படியென்றால் அது நல்ல தமிழ்தான். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. பழைய மேற்கத்திய முறையில் அதைப் படித்தால் அந்த ஏ ஆகிவிடுகிறது. அதே சப்டைட்டில்ஸ் பகுதியில் டீஃபால்ட் என்கோடிங்கை (எழுத்தைச் சேமிக்கும் குறியாக்க முறை) யூடிஎஃப்-8 ஆக்குங்கள். அப்போதும் மாறாவிட்டால், இடையில் யாரோ அந்தக் கோலத்திலேயே சேமித்திருக்கிறார்கள். மூலக் கோப்பைத் தேடுவதே நல்லது.

கேள்விக்குறிகள்தான் வருத்தமான விஷயம். யாரோ அந்தக் கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து ஆன்சி என்ற பழைய குறியாக்க முறையில் சேமித்துவிட்டார்கள். அந்த முறையில் தமிழுக்கு இடமில்லை; ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிட்டது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8-ல் சேமிக்கிறது. பழைய கணினியில் திருத்துகிறவர்கள் சேமிக்கும் பெட்டியின் அடியில் இருக்கும் என்கோடிங்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், ‘கெ’ என்பது சிதறித் தெரியும். அது பழைய பிளேயரின் கோளாறு. 2018-ல் வந்த விஎல்சி 3.0 இதைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது.

பிடோக்: 2000 வாக்கில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குறும்படத்துக்குத் தமிழ் வரிகள் தட்டச்சு செய்தோம். இப்போது திறந்தால் ஒன்றும் புரியவில்லை. தூக்கி எறிவதா?

தயவுசெய்து எறியாதீர்கள்! அது பெரும்பாலும் டிஸ்கி அல்லது டாப், டாம் முறையில் இருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்த காலம் அது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று 1997-ல் சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கேதான் தமிழ் இணைய மாநாடு கூட்டினார். உங்கள் கோப்பு அந்தக் காலத்தின் சாட்சி. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் ஒவ்வொரு பழைய முறையாகத் தேர்ந்து பாருங்கள். ஒன்றில் பளிச்சென்று தமிழ் வரும். நேரக் குறிப்பு வரிகள் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள்.

தோ பாயோ: பேசி முடித்தபின் எழுத்து வருகிறது. சில படங்களில் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறது.

படம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் எளிது. விஎல்சியில் ஜி விசையை அழுத்தினால் எழுத்து முன்னே வரும், எச் விசையை அழுத்தினால் பின்னே போகும். ஒரு தட்டுக்கு 50 மில்லிவிநாடி.

போகப் போக விலகுவது வேறு கதை. திரைப்படம் விநாடிக்கு 24 படச்சட்டம். கோப்புகளில் பெரும்பாலும் 23.976. பால் (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறை டிவிடியில் அதையே 25 சட்டமாகச் சற்று வேகமாக ஓட்டுவார்கள். பால் டிவிடிக்காக எழுதிய சப்டைட்டிலை 23.976 கோப்போடு சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் எழுத்து சுமார் இரண்டரை நிமிடம் முந்திவிடும். சிங்கப்பூரும் பால் முறை நாடாக இருந்ததால் இங்கே பழைய டிவிடி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இதற்கு ஜி, எச் உதவாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் படச்சட்ட வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றிச் சேமியுங்கள். எந்த வேகம் என்று தெரியாவிட்டால் அதிலேயே பாயிண்ட் சிங்க் இருக்கிறது: தொடக்கத்தில் ஒரு வசனம், இறுதியில் ஒரு வசனம், இரண்டுக்கும் சரியான நேரத்தைக் காட்டினால் நடுவில் உள்ளதை அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு காட்சிக்குப் பிறகு சட்டென்று விலகினால் உங்கள் படம் வேறு வெட்டு, அதாவது சில காட்சிகள் கூடவோ குறையவோ தொகுத்த பதிப்பு. அந்த வரியிலிருந்து கடைசி வரை மட்டும் நகர்த்துங்கள்.

ஜூரோங்: படம் திக்கித் திக்கி ஓடுகிறது, எழுத்து மட்டும் ஒழுங்காக வருகிறது. கடையில் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள்.

பொறுங்கள். கன்ட்ரோலும் ஜே-யும் அழுத்தினால் விஎல்சி கோடெக் விவரம் காட்டும். எச்.265, 10 பிட் என்ற சுருக்கும் முறை இருந்தால் அதுதான் காரணம். இன்டெலின் ஏழாம் தலைமுறைச் சில்லிலிருந்துதான் அதை வன்பொருளே முழுமையாகப் பிரிக்கிறது. அதற்கு முந்தையவற்றில் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. அதே படம் எச்.264 என்ற பழைய முறையில் கிடைத்தால் அதை எடுங்கள், பழைய கணினியே போதும்.

செங்காங்: சப்டைட்டில் கோப்பில் வைரஸ் வருமா?

எஸ்ஆர்டி வெறும் உரைதான், ஒரு முழுப் படத்துக்கும் சில நூறு கேபிக்குள் அடங்கும். சப்டைட்டில் என்ற பெயரில் நிறுவச் சொல்லும் கோப்பு வந்தால் உடனே அழியுங்கள். 2017 மே மாதம், சப்டைட்டில் வழியாகவே கணினியைக் கைப்பற்றும் ஓட்டைகள் விஎல்சி உள்ளிட்ட பிளேயர்களில் இருப்பதைச் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. அவை அடைக்கப்பட்டுவிட்டன, ஆனால் பழைய பதிப்பிலேயே இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உட்லண்ட்ஸ்: அண்ணே, வீட்டில் பாட்டிக்குத் தமிழ் வேண்டும், பிள்ளைகளுக்கு ஆங்கிலம். பென் டிரைவை டிவியில் செருகினால் தமிழ் ஒழுங்காக வருவதில்லை.

பல டிவிகளின் சொந்த பிளேயருக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. எச்டிஎம்ஐ கம்பியில் கணினியையே டிவியோடு இணையுங்கள்.

இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் விஎல்சி 3-ஆல் முடியாது. எம்பிவி என்ற பிளேயர் முடியும்: ஒன்று கீழே, மற்றது திரையின் உச்சியில். மெனு அதிகம் கிடையாது, அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். அந்தச் சிரமம் தகும். கீழ்வரியைப் பாட்டிக்கே கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பு விளிம்பைத் தடிமனாக்குங்கள். ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த சப்டைட்டில் என்றால் அளவும் எழுத்துருவும் மாறாது, அது எழுத்தல்ல, படம், எஸ்ஆர்டியாகத் தேடுங்கள். அப்படியும் பாட்டி வாசித்து முடிப்பதற்குள் வரி மறைந்தால் படத்தின் வேகத்தை 0.9 ஆகக் குறையுங்கள். பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியாது, வாசிக்க நேரம் கிடைத்துவிடும்.