மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையும் இல்லையே? – பதில்

நாளை மாலை 6 மணிக்கு மேல் அதே லெபு சூலியா தெருவுக்குப் போங்கள். இன்று மதியம் 3 மணிக்கு வெறிச்சோடிக் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதே ஓரத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டிருக்காது, நீங்கள் போன நேரம்தான் இடைவேளை. பினாங்கில் தெருக்கடைகள் பெரும்பாலும் முறை வைத்தே நடக்கின்றன, காலைக் கடைக்காரர் வேறு, இரவுக் கடைக்காரர் வேறு.

பகலை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில் மூன்றும் சில நிமிட நடைக்குள்தான். மாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நண்பகலில் நடை சாத்தியிருக்கும்.

மதியத்துக்கு நாசி கண்டார், அதாவது குழம்புகள் ஊற்றித் தரும் சோறு. 'கண்டார்' என்றால் காவடித்தண்டு. அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தோளில் சுமந்து விற்றது அது. 'பஞ்சிர்' என்று கேளுங்கள், நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றி சோறு மூழ்கும்படி தருவார்கள், அந்தக் கலவையில்தான் ருசியே.

கிளம்பும் முன் கூகுள் மேப்பில் நேரத்தை மட்டும் நம்பாமல், கடந்த வாரம் யாராவது படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று மட்டும், வார நாளில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகள் நிறைய, அதனால் ஒரே கடையை நம்பிப் போகாதீர்கள்.